அத்தியாயம் 4: பணம் யார் கையில் நிற்கிறது?

ஆழிப்பேரலை ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்த 2005-ஆம் ஆண்டில், இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் ஒரு சோதனை தொடங்கியது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் மிகச் சிறிய தொழில் நடத்தும் சுமார் நானூறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தையல், மூங்கில் முடைதல், சைக்கிள் பழுது பார்த்தல், சின்ன மளிகைக் கடை என்று எல்லாம் கைமுதல் குறைந்த தொழில்கள். அவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 ரூபாயும், வேறு சிலருக்கு 20,000 ரூபாயும் கிடைத்தன. அது கடன் அல்ல. திருப்பித் தர வேண்டியதில்லை.

ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் நன்றாகவே கூடியது. பெண்கள் நடத்திய தொழில்களில், சராசரியாகப் பார்த்தால், ஒன்றும் கூடவில்லை.

இந்த முடிவை மேலோட்டமாகப் படிப்பவர்கள், பெண்களுக்குத் தொழில் முதல் கொடுத்துப் பயனில்லை என்று சொல்லிவிடலாம். வங்கிக் கிளைகளிலும் திட்டக் கூட்டங்களிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஏரியெல் பெர்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே, நடாலியா ரிகோல் ஆகிய நால்வர் இலங்கை, இந்தியா, கானா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த சோதனைகளின் தரவுகளையும் மறுபடி எடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள். அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா?

2019-இல் வெளியான அவர்களின் ஆய்வு கதையை மாற்றியது. வீட்டில் பெண் ஒருத்தி மட்டுமே தொழில் நடத்தினால், அவளுக்குக் கொடுத்த பணம் ஆணுக்குக் கொடுத்த பணம் போலவே லாபம் ஈட்டியது. கணவனும் தொழில் செய்யும் வீடுகளில்தான் அவளுடைய தொழில் நின்ற இடத்திலேயே நின்றது. பணம் வீணாகவில்லை, கணவனின் தொழிலுக்குப் போயிருந்தது. குடும்ப வருமானம் உயர்ந்தது. அவளுடைய தொழில் உயரவில்லை.

பெண் தொழில்முனைவோருக்கு உதவ நினைக்கும் தொண்டு நிறுவனம், கூட்டுறவு வங்கி, சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு எதுவானாலும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்தே தொடங்க வேண்டும். கடன் விண்ணப்பத்தில் பெண்ணின் பெயர் இருப்பது ஒன்று. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அவள் முடிவெடுப்பது வேறொன்று. வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதை முன்பே காட்டியது. அவர்கள் பார்த்த பெண்களின் கடன்களில் சுமார் 37 சதவீதத்தில் மட்டுமே கடன் வாங்கியவருக்கு முழுமையான அல்லது கணிசமான கட்டுப்பாடு இருந்தது. மற்றவற்றில் பெயரும் திருப்பிக் கட்டும் பொறுப்பும் அவளுக்கு, பணத்தில் பாதியோ முழுவதுமோ வேறொருவருக்கு.

இந்த அத்தியாயம், கொடுக்கும் பணம் அவள் கையில் நிற்பதற்குச் செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

முதலில் வீட்டை விசாரிப்பது

கடன் படிவங்கள் பெரும்பாலும் தொழிலைப் பற்றியே கேட்கின்றன. என்ன தொழில், எத்தனை ஆண்டு, மாத வருமானம் எவ்வளவு. வீட்டைப் பற்றிக் கேட்டால் ரேஷன் அட்டையில் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடும். இன்னும் மூன்று கேள்விகள் அவசியம். வீட்டில் வேறு யார் தொழில் செய்கிறார்கள், அவர்களுக்கு இப்போது பணம் முடையா? கடையில் அன்றன்று வரும் காசு யாரிடம் இருக்கிறது? ஐயாயிரம் ரூபாய்க்குச் சரக்கு வாங்க அவள் யாரையாவது கேட்க வேண்டுமா?

இதைக் கணவன் முன்னாலோ மாமியார் முன்னாலோ கேட்டால் சரியான பதில் வராது. குழுக் கூட்டம் முடிந்த பிறகு, கடையில் அவள் தனியாக இருக்கும் நேரத்தில், களப்பணியாளர் ஒரு பெண்ணாக இருந்து கேட்டால் பதில் வரும்.

கணவனின் ஆட்டோவுக்கோ வயலுக்கோ பணம் போவதில் எப்போதும் அடாவடி இருப்பதில்லை. பல வீடுகளில் இருவரும் உட்கார்ந்து பேசியே அப்படி முடிவெடுக்கிறார்கள். அவருடைய தொழிலில் போட்டால் கூடுதலாக வரும் என்பது அவர்கள் கணக்கு, அந்தக் கணக்கு பல நேரம் சரியாகவும் இருக்கிறது. பெண்கள் அதிகமாகச் செய்யும் தொழில்கள் நெரிசல் மிகுந்தவை என்பதே காரணம். ஒரே தெருவில் நான்கு இட்லிக் கடை, ஆறு தையல் மெஷின் என்றால் ஐந்தாவது கடைக்கும் ஏழாவது மெஷினுக்கும் என்ன மிஞ்சும்?

எனவே எந்தத் தொழிலுக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் அவள் கையில் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. உகாண்டாவின் கம்பாலாவில் செய்த ஆய்வு ஒன்று, உலோக வேலை போன்ற ஆண்கள் மிகுந்த தொழில்களுக்குள் நுழைந்த பெண்கள் அங்குள்ள ஆண்களுக்கு இணையாகவும், பெண்களுக்கே உரியதாகக் கருதப்படும் தொழில்களில் இருந்தவர்களைவிட மூன்று மடங்காகவும் சம்பாதிப்பதைக் கண்டது. அவர்கள் உள்ளே நுழைய வழி செய்தது படிப்போ முதலோ அல்ல. அந்தத் தொழிலை முன்பே பார்த்துப் பழகியிருந்ததும், தொழிலைக் காட்டிக்கொடுத்த தந்தையோ உறவினரோ நண்பரோ இருந்ததும்தான். கூடுதல் வருமானம் உள்ள தொழில் பக்கத்திலேயே இருப்பது பல பெண்களுக்குத் தெரிவதில்லை. பட்டறைக்கு அழைத்துப் போய்க் காட்டுவதும், அங்கே சில வாரம் வேலை பழக ஏற்பாடு செய்வதும் உதவும் அமைப்பின் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

கணக்கு, கைரேகை, பூட்டு

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் மழை குறைந்த மாண் பகுதியில் இருக்கும் ஊர் மஸ்வட். தெருவோரம் உலை வைத்துக் கொல்லு வேலை செய்துவந்த ஒரு பெண், மழைக்கு முன் கூரைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்க நாளுக்குப் பத்து ரூபாய் சேர்க்க நினைத்தார். அவ்வளவு சிறிய தொகையை வைத்துக்கொள்ள எந்த வங்கியும் முன்வரவில்லை. சமூகச் செயற்பாட்டாளர் சேத்னா காலா சின்ஹா அங்கே பெண்களுக்கான கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்க முயன்றதற்கு இதுவே தூண்டுதல்.

முதல் விண்ணப்பத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. பங்குதாரர்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது காரணம். பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களே நேரில் போய், எந்தத் தொகைக்கும் வட்டி கணக்கிடச் சொல்லுங்கள், உங்கள் அதிகாரிகளும் கால்குலேட்டர் இல்லாமல் போடட்டும், யார் முதலில் சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார்கள். 1997-இல் மாண்தேசி மகளிர் கூட்டுறவு வங்கிக்கு உரிமம் கிடைத்தது.

அந்த வங்கி பின்னாளில் மின்னணு முறைக்கு மாறியபோது அதே பெண்கள் இன்னொரு பாடம் நடத்தினார்கள். ரகசிய எண் வேண்டாம், கைரேகை வையுங்கள் என்று கேட்டார்கள். எண்ணை யாரும் கேட்டு வாங்கிவிடலாம், திருடிவிடலாம். பெருவிரலை யாரும் திருட முடியாது. வங்கிக்காரர்கள் வசதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் பெண்கள் தங்கள் வீட்டைப் பற்றி யோசித்தார்கள்.

அகமதாபாத்தில் இதுபோன்ற யோசனை இன்னும் முன்பே வந்தது. இளா பட் 1972-இல் தொடங்கிய சேவா சங்கத்தின் 4,000 உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு 1974-இல் சேவா வங்கியை நிறுவினார்கள். தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், பழைய துணி வியாபாரிகள். பலருக்குக் கையெழுத்துப் போட வராது. வங்கி ஒரு வழி கண்டது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரையும் படம் எடுத்து, அந்தப் படத்தையே அடையாளமாக வைத்தார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் நேரில் வந்தால்தான் பணம். அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து நிற்க முடியாது.

தனிக் கணக்கின் பலன் எண்ணிக்கையிலும் தெரிகிறது. உகாண்டாவில் பிராக் அமைப்பிடம் கடன் பெற்ற சுமார் 3,000 பெண்களை வைத்துப் பொருளியல் அறிஞர் எம்மா ரைலி ஒரு சோதனை நடத்தினார். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் கையில் ரொக்கம். இன்னொரு பிரிவினருக்குத் தொழிலுக்கென்றே திறந்த கைபேசிக் கணக்கில் அதே தொகை. எட்டு மாதம் கழித்து, கணக்கில் பெற்றவர்களின் லாபம் மற்றவர்களைவிட 15 சதவீதமும், தொழில் முதல் 11 சதவீதமும் கூடுதலாக இருந்தன. பணத்தைப் பங்கு கேட்டு வீட்டில் நெருக்கடி அதிகமாக இருந்த பெண்களுக்கே பலனும் அதிகம். கடன் தொகையோ வட்டியோ மாறவில்லை, பணம் வந்து சேர்ந்த இடம் மட்டும் மாறியது.

செய்ய வேண்டியது தெளிவு. கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும், கூட்டுக் கணக்கு வேண்டாம். குறுஞ்செய்தி போகும் கைபேசி எண் அவளுடையதா, மகனுடையதா என்று பார்க்க வேண்டும். ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் மாதக் கடைசியில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு கணக்கு.

ரொக்கமா, பொருளா?

ரொக்கத்துக்குப் பதில் பொருளாகக் கொடுத்தால் கைமாறாது என்று தோன்றும். கானாவில் மார்செல் ஃபாஃப்ஷாம் குழுவினர் செய்த சோதனை இதற்குப் பாதி ஆதரவு தருகிறது. ரொக்கமாகப் பெற்ற பெண்களின் லாபம் கூடவில்லை. சரக்காகவோ கருவியாகவோ பெற்றவர்களுக்குக் கூடியது. ஆனால் எல்லோருக்கும் அல்ல; தொடக்கத்திலேயே ஓரளவு லாபத்தோடு தொழில் நடத்தியவர்களுக்கு மட்டும். அன்றாடச் சாப்பாட்டுக்காகக் கடை வைத்திருந்தவர்களுக்கு எந்த வழியில் கொடுத்தாலும் தொழில் வளரவில்லை.

ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரித் தையல் மெஷின் வழங்கும் விழாக்கள் இலக்கைத் தவறவிடுகின்றன. ஏற்கெனவே வாடிக்கையாளர் இருக்கும் பெண்ணுக்குக் கருவியாகக் கொடுப்பது நல்லது. எந்தக் கருவி, எந்தக் கடையில் என்பதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். ரசீது அவள் பெயரில் இருக்க வேண்டும். வாழ்க்கை நடத்தவே சிரமப்படுபவருக்கு முதலில் வேண்டியது நிலையான கூலியோ உதவித்தொகையோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமோதான். அவர் தலையில் தொழில் கடனை ஏற்றுவது உதவி ஆகாது.

தவணை எப்போது தொடங்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் 30,000 ரூபாய் கடன் வாங்குகிறார், வாரம் 700 ரூபாய் தவணை. இரண்டாவது வாரமே கட்டத் தொடங்க வேண்டும். புதிய தொழிலுக்கு வாடிக்கை பிடிக்க இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் எட்டுத் தவணை வந்துவிடும், 5,600 ரூபாய். அதை அவர் கடன் பணத்திலிருந்தே எடுத்து வைக்க வேண்டும். நல்ல மெஷின் வாங்க நினைத்தவர் மீதி 24,400 ரூபாய்க்குள் பழைய மெஷினைப் பார்க்கிறார். அல்லது உடனே கைக்குக் காசு வரும் சின்ன வியாபாரமாகவே தேர்ந்தெடுக்கிறார்.

கொல்கத்தாவில் ஃபீல்ட், பாண்டே குழுவினர் இதையே சோதித்தார்கள். 4,000 முதல் 10,000 ரூபாய் வரை கடன் பெற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணை இரண்டு வாரத்தில், மற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களின் வார லாபம் சுமார் 40 சதவீதம் அதிகம். கூடவே, கடனைத் திருப்பிக் கட்டாமல் விட்டவர்களும் அவர்களிடையே அதிகம். இந்த இரண்டாவது முடிவை மறைக்கக் கூடாது. துணிந்து முதலீடு செய்தால் சிலருக்குத் தவறும். அந்த இழப்பைத் தாங்க ஒரு தனி நிதியை முன்கூட்டியே ஒதுக்கிய பிறகே அவகாசம் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் இழப்பு குழுவில் உள்ள மற்றப் பெண்களின் தலையில் விழும்.

கட்ட முடியாத அளவுக்குக் கடன் பெண்களின் தலையில் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஆந்திரம் 2010-இல் பார்த்தது. ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு நுண்கடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போன பெண்கள் வசூல் நெருக்கடியில் சிக்கினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, நுண்கடன் பெறும் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இந்த இடத்தில் நல்ல பிடிமானம் தருகின்றன. யாருக்கு எத்தனை கடன் இருக்கிறது என்பது வங்கியைவிடக் குழுவுக்கே நன்றாகத் தெரியும். வாரக் கடன், தண்டல், நகைக் கடன், கைமாற்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே புதிய கடனுக்கு ஒப்புதல் தரும் வழக்கத்தை ஒவ்வொரு குழுவும் கைக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குத் தனியாக வர வேண்டாம்

சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு அகமதாபாத்தில் இரண்டு நாள் தொழில் பயிற்சி நடந்தது. சிலர் தனியாக அழைக்கப்பட்டார்கள், சிலர் ஒரு தோழியோடு வரும்படி. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்கள் கூடுதலாகக் கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள். அவர்கள் குடும்ப வருமானமும் கூடியிருந்தது. பெண்கள் வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் சமூகங்களில் பலன் இன்னும் தெளிவு. வகுப்பில் கேட்டதை வீட்டில் சொல்லி வாதாட ஒருத்திக்கு இன்னொருத்தி துணை.

பயிற்சியில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதற்கு டோகோ நாட்டின் லோமே நகரம் பதில் தருகிறது. 1,500 சிறு தொழில் செய்வோரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான கணக்குவழக்குப் பயிற்சி, இன்னொன்றுக்குத் தாமே முன்முயற்சி எடுக்கப் பழக்கும் பயிற்சி, மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. 2017-இல் வெளியான முடிவின்படி, முன்முயற்சிப் பயிற்சி பெற்ற பெண்களின் லாபம் 40 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சி பெற்ற பெண்களுக்கு 5 சதவீதம். பக்கத்துக் கடையில் இல்லாத எதை என் கடையில் வைக்கலாம், சரக்கு வராமல் போனால் அடுத்த வழி என்ன, அடுத்த ஆறு மாதத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து, யோசித்ததை மறுநாளே செய்து பார்க்கப் பழக்கினார்கள்.

கணக்கு எழுதவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பன்னிரண்டு கட்டம் போட்ட பேரேட்டை யாரும் ஒரு மாதத்துக்கு மேல் எழுதுவதில்லை. நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம் போதும். வந்தது, போனது, வீட்டுக்கு எடுத்தது. பெட்டிக் கடையில் எண்ணெய் பாக்கெட், சோப்பு, பிள்ளைக்குப் பிஸ்கட் என்று எடுப்பதையெல்லாம் மூன்றாவது கட்டத்தில் விலை போட்டு எழுதினால், கடையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று வீட்டில் யாராவது சொல்லும்போது அவள் நோட்டை எடுத்துக் காட்டலாம். மிஞ்சியதுதான் வீட்டுக்குள் போயிருக்கிறது.

வாங்குபவர் யார்?

1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனோடு அப்பளம் இட்டார்கள். அதுவே லிஜ்ஜத் பப்பட். அதன் வெற்றிக்குச் சுவை மட்டும் காரணம் இல்லை. மாவைப் பிசைவதும், அப்பளத்தைச் சேகரிப்பதும், சந்தைக்குக் கொண்டுபோவதும் பொதுவாக நடந்தன. வீட்டில் இருந்து அப்பளம் இட்ட பெண், விற்பனைக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் பங்குதாரர் என்பதால் லாபம் இடைத்தரகரிடம் போய்த் தங்கவில்லை.

தனித்தனியாக விற்கப் போராடும் பெண்களை ஒரு பெயரின் கீழ் சேர்ப்பது உதவும் அமைப்பு செய்யக்கூடிய பெரிய வேலை. பெரிய அளவில் வாங்கும் இன்னொரு வாடிக்கையாளர் அரசாங்கம். இந்தியாவில் மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2018-இல் செய்த திருத்தத்தின்படி அதற்குள் 3 சதவீதம் பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு என ஒதுக்கப்பட்டது. இதைப் பெற, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வேண்டும், அது இலவசம். பதிவு செய்து தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் கொடுக்கத் தேவையில்லை. பதிவில் உரிமையாளராகப் பெண்ணின் பெயரைப் போட்டுவிட்டுத் தொழிலை வேறொருவர் நடத்தும் ஏற்பாடுகளும் உண்டு என்பதால், அமைப்பு தன் பட்டியலில் சேர்க்கும் முன் கடைக்கு நேரில் போய்ப் பார்ப்பது அவசியம்.

ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியவை

கடன் திரும்ப வந்ததா என்பதை மட்டும் எழுதிவைக்கும் அமைப்புக்குப் பாதிக் கதைதான் தெரியும். கணவன் கூலி வேலை செய்து அவள் தவணையைக் கட்டினாலும் பதிவேட்டில் 100 சதவீதம் வசூல் என்றே இருக்கும். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் களப்பணியாளர் கடைக்குப் போய்க் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

1. கடனில் வாங்கிய கருவியும் சரக்கும் கடையில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எங்கே, யார் முடிவில் போயின?

2. கடைசியாகக் கணக்கிலிருந்து பணம் எடுத்தது யார்?

3. கடந்த மாதத் தவணை எந்த வருமானத்திலிருந்து கட்டப்பட்டது?

4. கடந்த மூன்று மாதத்தில் தொழிலில் அவளாகவே செய்த மாற்றம் ஏதாவது உண்டா? புதிய சரக்கு, புதிய வாடிக்கையாளர், மாற்றிய விலை.

5. நோட்டின் மூன்றாவது கட்டம் எழுதப்படுகிறதா? மாதத்துக்கு எவ்வளவு வருகிறது?

6. வேறு எங்கிருந்தாவது புதிதாகக் கடன் வாங்கியிருக்கிறாளா? எதற்கு?

பத்துப் பெண்களின் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் திட்டத்தில் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் வேறொருவர் பெயர் வந்தால் கணக்குத் திறக்கும் முறையைத் திருத்த வேண்டும். மூன்றாவதில் கூலி, கைமாற்று என்று வந்தால் தவணை தொடங்கும் தேதியைத் தள்ளிப்போட வேண்டும். நான்காவதில் ஒன்றும் இல்லையென்றால் பயிற்சியை மாற்ற வேண்டும். அடுத்த சுற்றுக் கடன் வழங்கும் முன் இந்தத் திருத்தங்களைச் செய்து, என்ன மாற்றினோம் என்பதைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பெண்களிடமே சொல்லி, அவர்கள் சொல்லும் மறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.